காமராஜர் போட்ட படிப்புச் செலவுக் கணக்கு



ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15 வந்துட்டா நம்ம வாட்ஸ்அப் குழுக்கள்ல கதர் சட்டை போட்ட ஒருத்தர் படம் சுத்தி வரும். கீழே படிக்காத மேதை, கல்விக்கண் திறந்தவர் என்று இரண்டு பட்டம் இருக்கும். நாமும் ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவோம்.

நான் பொறியியல் மாணவன். ஒரு பாலம் நிற்கிறது என்றால் எதன் மேல் நிற்கிறது என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் காமராஜரின் வாழ்க்கையைப் படித்தேன். கஜானாவில் பெரிதாகப் பணம் இல்லாத ஒரு மாநிலம் லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்குள் கொண்டு வந்தது? யார் காசு கொடுத்தார்கள்? எதற்கு முதலில் கொடுத்தார்கள்? உயர்கல்விச் செலவை நினைத்து உட்கார்ந்திருக்கும் பினாங்கு இந்து இளைஞர்களுக்கு இந்தக் கேள்விகள் ரொம்ப முக்கியம் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிடி அரிசியில் நடந்த பள்ளி

1903 ஜூலை 15. அன்றைய பெயர் விருதுபட்டி, இன்றைய பெயர் விருதுநகர். குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் ஒரு மகன் பிறந்தான். குலதெய்வம் காமாட்சி அம்மன் பெயரையே வைத்தார்கள். அம்மா செல்லமாக ராஜா என்று கூப்பிட, காமாட்சியும் ராஜாவும் சேர்ந்து காமராஜ் ஆனது.

அந்தக் காலத்தில் நாடார் சமூகத்தாருக்குப் பல ஊர்களில் கோயிலுக்குள் நுழையவே அனுமதி கிடையாது. கமுதி கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908இல் அங்கேயும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. இது நம்ம சமய வரலாற்றில் வலிக்கிற பக்கம். மறைக்க வேண்டியதில்லை. அந்த மக்கள் அதற்குச் சொன்ன பதிலைத்தான் நாம் பார்க்க வேண்டும். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்கி வைத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். அந்தப் பணத்தில் 1889இல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலா என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருந்தது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்து, அதைச் சேர்த்துப் பள்ளிக்குக் கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது.

காமராஜர் படித்த பள்ளி இதுதான். சம்பளம் கட்ட முடியாத பிள்ளையும் உட்கார்ந்து படிக்க, ஊரே சேர்ந்து அரிசி போட்ட பள்ளி.

அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. பள்ளியில் விநாயகர் சதுர்த்தி. எல்லாப் பிள்ளைகளும் காசு கொடுத்திருக்கிறார்கள். பூஜை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது ஒரே தள்ளுமுள்ளு. முண்டியடித்த பையன்களுக்குக் கை நிறையக் கிடைத்தது, ஒதுங்கி நின்ற காமராஜுக்குக் கொஞ்சம்தான். வீட்டில் கேட்டபோது, எல்லாரும் ஒரே அளவு காசு கொடுத்திருக்கும்போது எல்லாருக்கும் ஒரே அளவு கிடைக்கும்படி கொடுப்பது வாத்தியார் வேலைதானே என்று அந்தச் சிறுவன் நியாயம் பேசினானாம். பொதுப் பணம் முண்டியடிக்கிறவனுக்கு மட்டும் போகக் கூடாது, ஒதுங்கி நிற்கிறவனைத் தேடிப் போக வேண்டும். பிற்காலத்தில் முதலமைச்சராக அவர் செய்த பல காரியங்களுக்கு இதுதான் அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது.

இலவசப் பள்ளியை விட்டு ஏன் போனார்?

காமராஜுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, அதில் வந்த வட்டியில் குடும்பத்தை ஓட்டினார். எத்தனை நாள் ஓடும்? பதினோரு, பன்னிரண்டு வயதிலேயே, ஆறாம் வகுப்போடு காமராஜின் படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் வழக்கமாக, பாவம், வறுமை, படிக்க முடியவில்லை என்று சொல்லிக் கடந்து போயிடுவோம். ஆனால் பள்ளிக்கூடம் ஊர்க் காசில் நடந்த பள்ளிக்கூடம். அவரை வெளியே அனுப்பியது பள்ளிக் கட்டணம் இல்லை. வீட்டு அடுப்பு. பன்னிரண்டு வயசுப் பையன் பள்ளியில் உட்கார்ந்திருந்தால் அவன் கொண்டுவர வேண்டிய கூலி வீட்டுக்கு வராது. அந்த வராத கூலிதான் ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் படிப்பின் உண்மையான விலை. எந்தப் பள்ளி ரசீதிலும் அது எழுதியிருக்காது.

அதே காலத்தில் அதே மாதிரி அடுப்பு அணைந்த எத்தனையோ வீடுகளிலிருந்து ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் இறங்கினார்கள். ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் போனார்கள். நம்மில் பாதிப் பேருடைய முப்பாட்டன்மார் கதை அது. காமராஜரை நான் வேறு நாட்டுத் தலைவராகப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

கடையிலிருந்து சிறைக்கு, சிறையிலிருந்து கோட்டைக்கு

துணிக்கடையில் அவர் மனசு நிற்கவில்லை. ஊரில் நடக்கும் காங்கிரஸ் கூட்டங்களே அவரை இழுத்தன. பையன் கெட்டுப் போகிறான் என்று பயந்து, திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பினார்கள். அங்கே போயும் போராட்டம்தான். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். அதற்குப் பிறகு சிறை அவருக்கு இரண்டாவது வீடு. மொத்தம் ஏறக்குறைய 3,000 நாள் சிறையில் கழித்திருக்கிறார். பள்ளியில் விட்ட படிப்பை அங்கேதான் பிடித்தார். ஆங்கிலச் செய்தித்தாளும் புத்தகமும் படிக்கப் பழகியது சிறையில்தான்.

தீரர் சத்தியமூர்த்தி அவருக்கு அரசியல் குரு. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார் காமராஜர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. ஊர் ஊராகப் போவதுதான் வேலை. எந்தக் கிராமத்துக்கு ரோடு கிடையாது, எந்தக் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை மைல் நடக்கிறார்கள் என்பதெல்லாம் மனப்பாடம்.

கல்லூரி இடங்களுக்காக நடந்த ஒரு பெரிய சண்டையிலும் அவர் பங்கு உண்டு. நம்மைப் போன்ற மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் அரசாணை ஒன்று இருந்தது. செண்பகம் துரைராஜன் மருத்துவப் படிப்பு சம்பந்தமாகவும், சி.ஆர். சீனிவாசன் பொறியியல் படிப்பு சம்பந்தமாகவும் வழக்குப் போட்டார்கள். 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் பெரிய கொந்தளிப்பு. பெரியார் போராட்டம் நடத்தினார். நிலைமையை டெல்லிக்கும் நேருவுக்கும் எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் காமராஜர். அதே ஆண்டு இந்திய அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது.

காசு இல்லாத கஜானா, இரண்டு பதில்கள்

1950இல் வந்த இந்திய அரசியல் சட்டம், பத்து ஆண்டுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க முயல வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. எழுதியாச்சு, ஆனால் பணம்? கட்டடம்? வாத்தியார்? சென்னை மாநிலத்துக்கு அந்த நேரத்தில் இன்னொரு சுமை. 1953 அக்டோபரில் ஆந்திரம் தனியாகப் பிரிந்தது.

அப்போது முதலமைச்சர் ராஜாஜி. அவர் மேதை, அதில் சந்தேகமில்லை. இருக்கிற கட்டடம், இருக்கிற வாத்தியாரை வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க 1953இல் ஒரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதிப் பாதி நாள் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்வது. தாளில் பார்த்தால் கணக்குச் சரி. ஆனால் வண்ணான் பிள்ளை வண்ணானாகவே இருக்கணுமா என்று மக்கள் கொதித்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரல் 13ஆம் தேதி காமராஜர் முதலமைச்சரானார். அந்த ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கஜானா மாறவில்லை, அதே கஜானாதான். ராஜாஜி, இருக்கிற பணத்துக்குள் படிப்பைச் சுருக்கப் பார்த்தார். காமராஜர், படிப்புக்கு வேண்டிய பணத்தை எங்கிருந்தெல்லாம் திரட்டலாம் என்று பார்த்தார். இரண்டு பேரும் ஏழைகளை நினைத்துத்தான் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒருவர் பிடி அரிசிப் பள்ளியில் படித்து, அதையும் பாதியில் விட்டவர். அந்த வித்தியாசம் திட்டத்தில் தெரிந்தது.

என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார்?

காமராஜர் செய்ததைப் பட்டியலாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். வரிசையைக் கவனித்தால்தான் அவருடைய மூளை தெரியும்.

முதலில் தூரம். பள்ளி மூன்று மைல் தள்ளி இருந்தால் ஏழு வயசுப் பிள்ளை போகாது, பெண் பிள்ளையை அனுப்பவே மாட்டார்கள். அதனால் சின்னக் கிராமங்களுக்கும் ஆரம்பப் பள்ளி. 300 பேர் வாழும் ஊருக்கும் ஒரு பள்ளி என்ற அளவுக்கு அதைக் கொண்டு போனார்கள். ஓராசிரியர் பள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை, ஊருக்குள் ஒரு பள்ளி இருக்கணும்.

அடுத்து வாத்தியார். அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வுக்காலத்தில் ஒன்றும் கிடையாது என்ற நிலை இருந்தது. 1955இல் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. வயிறு காய்கிற வாத்தியாரை வைத்து வகுப்பு நடத்த முடியாது என்பது எளிமையான உண்மைதான்.

அடுத்து சோறு. மாடு மேய்க்கும் பையனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராஜர் கேட்க, சோறு யார் போடுவா என்று அவன் திருப்பிக் கேட்டான் என்ற கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கதை எந்த ஊரில் நடந்தது என்று ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். என் பார்வையில் அந்தப் பையனுக்கு முன்னாலேயே அவருக்கு விஷயம் தெரியும். அவரே அந்தப் பையன்தானே!

பள்ளியில் சோறு போடுவது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. 1920இலேயே பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் தொடங்கியது. காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டு போனார். 1956இல் எட்டயபுரத்தில், பாரதி பிறந்த ஊரில், மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பணம் எங்கே என்று அதிகாரிகள் கேட்டார்கள். ஆரம்பத்தில் ஊர் மக்களே அரிசி, பருப்பு, காய்கறி கொடுத்துச் சோறு போட்டார்கள். அடுத்த ஆண்டே அரசு தன் பங்கைப் போட்டது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு வைத்து, அதில் ஆறு காசு அரசு, நாலு காசு ஊர் என்று பிரித்துக்கொண்டார்கள். 1961இலிருந்து கேர் என்ற வெளிநாட்டு உதவி நிறுவனமும் பால் பவுடர் போன்ற உணவுப் பொருள் கொடுத்து உதவியது.

அந்த நாலு காசைப் பாருங்கள். விருதுபட்டிப் பிடி அரிசி மாநிலத் திட்டமாக மாறிவிட்டது! ஊர் காசு போட்டதால் ஊருக்குப் பள்ளி மேல் ஒரு கண் இருந்தது. சோறு நல்லாயிருக்கா, வாத்தியார் வந்தாரா என்று கேட்கும் உரிமை வந்தது.

இதே வழியில் 1958இல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் நடந்தது. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தட்டு, டம்ளர், வகுப்பறை என்று என்ன குறையோ அதைப் பட்டியல் போட்டார்கள், ஊர் மக்கள் வாங்கிக் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் பின்னால் ஓடி உழைத்தவர் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. கல்விக்கும் நிதிக்கும் அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். ஒரே ஆளிடம் இரண்டு இலாகாவும் இருந்தது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த இலாகாவில் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பிறகு உடை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. கிழிந்த துணியோடு வந்து வெட்கப்படும் பிள்ளை நாலு நாளில் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அப்புறம்தான் உயர்நிலைப் பள்ளிக் கட்டணம். 1960இல், ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு வரை கட்டணம் இல்லை என்றானது. அடுத்த சில ஆண்டுகளில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது.

தூரம், வாத்தியார், சோறு, உடை, கட்டணம். நாம் படிப்புச் செலவு என்று சொன்னதும் முதலில் கட்டணத்தைத்தான் நினைக்கிறோம். அவர் அதைக் கடைசிப் பக்கம் வைத்திருந்தார்.

கல்லூரி வாசல்

பள்ளியை நிரப்பினால் பத்து ஆண்டில் கல்லூரி வாசலில் கூட்டம் நிற்கும். அதற்கும் அவர் காலத்தில் வேலை நடந்தது. பாலிடெக்னிக்குகள் பெருகின. 1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு சென்னையில் ஐ.ஐ.டி. வந்தது. 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி. பணக்காரர்களையும் கல்விப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மதுரையில் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957இல் பொறியியல் கல்லூரி தொடங்கினார்.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் ஏற்கெனவே 1952இல் பொறியியல் கல்லூரி கட்டியிருந்தார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்த வள்ளல் அவர். அவருக்கு மலாயாவிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நம்ம ஆட்கள் இங்கே பால் வெட்டிய காசில் ஒரு பங்கு அங்கே கல்லூரிச் சுவராக நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். எழுத்தறிவை 7 விழுக்காட்டிலிருந்து 37க்குக் கொண்டு போனார் என்று ஒரு செய்தி சுத்துது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் 1951இல் ஏறக்குறைய 21, 1961இல் ஏறக்குறைய 31. பத்து ஆண்டில் பத்து விழுக்காடு. அதுவே பெரிய காரியம். மூன்றில் இரண்டு பேருக்கு இன்னும் எழுத்து வரவில்லை என்பதும் உண்மை. பொய்க் கணக்கு சொல்லிப் பெருமை சேர்க்கும் நிலையில் அவர் இல்லை.

1963 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், கட்சி வேலைக்காகத் தானே முதலமைச்சர் பதவியை விட்டார். அகில இந்திய காங்கிரஸ் தலைவராகி, சாஸ்திரியும் இந்திராவும் பிரதமராவதற்குப் பின்னால் நின்றார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 ஓட்டில் தோற்றார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவர். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் வீசிய காலம். படிக்க வைத்த தலைமுறை கேள்வி கேட்கும் தலைமுறையாக வளர்ந்து, அவரையே கேள்வி கேட்டுவிட்டது. அதையும் தோல்வியாக மட்டும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

1975 அக்டோபர் 2, மறுபடியும் ஒரு காந்தி ஜெயந்தி அன்று, சென்னையில் வாடகை வீட்டில் கண்மூடினார். சொந்தமாக ஒரு வீடு கூடக் கிடையாது. அடுத்த ஆண்டு பாரத ரத்னா கொடுத்தார்கள்.

அவர் போட்ட கோடு அவரோடு நிற்கவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவாக விரித்தார். 2010இல், குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவருக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தைத் தமிழக அரசு ஏற்றது. 2022இலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், 2024இலிருந்து பையன்களுக்கும். கட்டணம் மட்டும் போதாது, கையில் செலவுக்குக் காசும் வேணும் என்ற அதே பாடம், இப்போது கல்லூரி அளவில்.

நம்ம பினாங்குக்கு வருவோம்

நம்ம நாட்டிலும் அரசு நிறையத்தான் செய்திருக்கிறது. 1962லிருந்து ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. 1979லிருந்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் பலர் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள்தான். 1969லிருந்து பினாங்கிலேயே ஒரு பல்கலைக்கழகம், இன்று நிபோங் தெபாலில் அதன் பொறியியல் வளாகம். அரசுப் பல்கலைக்கழகச் செலவில் பெரும்பங்கை அரசே தாங்குகிறது. மீதிக்கு 1997இல் தொடங்கிய பிடிபிடிஎன் கடன்.

அப்புறம் ஏன் நம்ம பிள்ளைகள் நின்னு போறாங்க?

என் சொந்தச் செலவுப் புத்தகத்தைப் புரட்டினேன். கல்விக் கட்டணம் ஒரு வரி. தங்கும் அறை, சாப்பாடு, பெட்ரோல், மடிக்கணினி, இன்டர்நெட், பிரின்ட், பயிற்சிக் காலத்துக்கு வீடு மாறும் செலவு என்று மற்றவை ஏழு வரி. எழுதாத ஒன்பதாவது வரி ஒன்று இருக்கிறது. நான் வேலைக்குப் போயிருந்தால் நாலு வருஷம் வீட்டுக்கு வந்திருக்கும் சம்பளம். அந்த வரியை எங்க அம்மாவும் அப்பாவும் சத்தமில்லாமல் கட்டுகிறார்கள்.

எல்லா வீட்டாலும் அதைக் கட்ட முடியாது. எஸ்.பி.எம். முடித்த கையோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்கும், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகும் வேலைக்கும் போன கூட்டாளிகள் உங்களுக்கும் இருப்பார்கள், எனக்கும் இருக்கிறார்கள். அதில் கெட்டிக்காரர்கள் உண்டு. சோம்பேறிகள் என்று பெரியவர்கள் திட்டும்போது எனக்குக் கோபம் வரும். அவர்கள் செய்தது 1914 வாக்கில் காமராஜர் செய்ததைத்தான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கருப்பையா நாடார் துணிக்கடைக்குப் பதில் இங்கே தொழிற்சாலை, அவ்வளவுதான்.

அதனால் உபகாரச் சம்பளம் கொடுக்கும்போது முண்டியடித்து முன்னால் நிற்கும் 10ஏ பிள்ளைக்கு மாலை போட்டுப் படம் பிடிப்பதோடு நம்ம வேலை முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு வழி கிடைத்துவிடும். ஒதுங்கி நிற்கிறவனைத் தேடிப் போகணும்.

நம்ம இளைஞர் கிளைகள் என்ன செய்யலாம்? மூன்று யோசனை சொல்கிறேன்.

ஒன்று, எஸ்.பி.எம். முடிவு வரும் முன்பே ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளின் பட்டியலை எடுக்க வேண்டும். படிவம் 6, மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், யூ.பி.யூ. விண்ணப்பம் என்று வீட்டுக்கே போய் உட்கார்ந்து விளக்க வேண்டும். அப்பா அம்மாவிடமும் பேச வேண்டும், ஏனென்றால் சம்பளக் கணக்கு அவர்கள் மனசில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு, முதல் பருவ நிதி. பல்கலைக்கழகத்தில் சேரும் நாளுக்கும் கடன் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கு. வசதி குறைந்த குடும்பத்துக்கு பிடிபிடிஎன் முன்பணம் உண்டு, அதற்கு விண்ணப்பிக்கவும் யாராவது சொல்லித் தரணும். அதிலும் போதாத பஸ் காசு, படுக்கை, முதல் மாசச் சாப்பாடு, இவற்றைக் கிளை கொடுக்கலாம். பெரிய தொகை வேண்டாம். சரியான வாரத்தில் கொடுத்தால் போதும்.

மூன்று, பிடி அரிசி. தைப்பூசத்துக்குப் பினாங்கில் நாம் போடும் தண்ணீர்ப் பந்தலையும் அன்னதானத்தையும் பார்த்து வெளிநாட்டுக்காரர்களே அசந்து போகிறார்கள். கொடுக்கும் கை நம்மிடம் இருக்கிறது. அந்தச் செலவில் ஒரு பிடியை, வெறும் ஒரு பிடியை, கல்விக்கு என்று தனி டப்பாவில் போடச் சொல்லி ஒவ்வொரு கோயில் நிர்வாகத்திடமும் கேட்கலாம். அன்னதானம் குறைய வேண்டாம். பக்கத்தில் வித்யாதானமும் உட்காரட்டும். வரவு செலவைக் கோயில் பலகையில் எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்டணும். ஊர் காசு என்றால் ஊருக்குக் கணக்குக் காட்டணும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் விடாமல் கேட்க வேண்டும். பொதுப் பணத்தில் படிப்பது பிச்சை இல்லை. அது குடிமகனின் உரிமை. காமராஜர் கணக்கிலும் ஆறு காசு அரசுதான் போட்டது. ஆனால் ஊர் தன் நாலு காசைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது அந்த ஆறு காசைக் கேட்பதற்குக் குரலில் ஒரு பலம் வந்தது.

அடுத்த எஸ்.பி.எம். முடிவுக்கு முன்னால் உங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நம்ம வட்டாரத்தில் ஒதுங்கி நிற்கிற பிள்ளை யார்? பெயர் தெரிந்தவுடன் வேலையைத் தொடங்கிடலாம்.